ஜார்ஜ் ஹன் நாப்ஸ்

ஜார்ஜ் ஹன் நாப்ஸ் (1799 – நவம்பர் 5, 1884) பசிபிக் பெருங்கடலின் பிட்கேர்ன் தீவிலும் பின்னர் நோர்போக் தீவிலும் ஆசிரியராகவும் மருத்துவராகவும் சமயப் போதகராகவும் பணியாற்றியவர். பவுண்டி கப்பல் கலகக்காரர்களின் வழிவந்த மக்களிடையே ஐம்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார். இவர் வாழ்ந்த காலத்திலேயே, 1838-ஆம் ஆண்டில், பிட்கேர்ன் தீவில் ஆண்டுதோறும் நடுவரையும் அவை உறுப்பினரையும் தேர்ந்தெடுக்கும் முறை தொடங்கியது. ஆண்களுடன் பெண்களும் சமமாக வாக்களித்த இத்தேர்தல், உலகில் பெண்கள் வாக்குரிமை பெற்ற மிகப் பழைய நிகழ்வுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. தீவு மக்களின் ஆசிரியராக இருந்த நாப்ஸ், வெளியில் பிறந்தவர் என்பதால் அத்தேர்தலில் நடுவர் பதவிக்கு நிற்கத் தகுதி அற்றவராக இருந்தார்.

இளமைக் காலம்

நாப்ஸ் 1799-இல் அயர்லாந்தில் பிறந்தவர். தாம் பிரான்சிஸ் ராடன் என்னும் பிரபுவின் முறைப்படி ஏற்றுக்கொள்ளப்படாத மகன் என்று அவர் பிற்காலத்தில் தெரிவித்தார். இந்த ராடன்தான் பின்னர் ஹேஸ்டிங்ஸ் பிரபு என்ற பட்டத்துடன் 1813 முதல் 1823 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தவர். எனினும் நாப்சின் பிறப்பு பற்றிய செய்திகளுள் பெரும்பாலானவை அவர் தாமே கூறியவை ஆகும்.

1811-இல், பன்னிரண்டாம் வயது நிரம்பும் முன்பே பிரித்தானிய அரச கடற்படையில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அதிலிருந்து விலகினார். எசுப்பானிய ஆட்சிக்கு எதிராகத் தென் அமெரிக்க நாடுகள் விடுதலைப் போர் நடத்திய காலம் அது. நாப்ஸ் காக்ரேன் பிரபுவின் தலைமையில் இயங்கிய சிலி நாட்டுக் கடற்படையில் பணியாற்றியதாகவும், போரில் சிறைப்பட்டு உயிர் தப்பியதாகவும் தம் வாழ்க்கைக் குறிப்பில் தெரிவித்துள்ளார்.

கடற்பயணங்களின்போது பிட்கேர்ன் தீவைப் பற்றி அவர் கேள்விப்பட்டார். அங்கு வாழும் சிறிய சமூகத்தின் அமைதியான வாழ்வு அவரைக் கவர்ந்தது. 1825-இல் அத்தீவை நோக்கி இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டார். நேரடியாகச் செல்லும் கப்பல் எதுவும் இல்லாத நிலையில் கல்கத்தா வழியாகச் சுற்றித் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை அடைந்தார். தீவைச் சென்றடைய மூன்று ஆண்டுகள் ஆயின.

பிட்கேர்ன் தீவின் பின்னணி

பிட்கேர்ன் 5 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பளவு கொண்ட எரிமலைத் தீவு. தாகித்தியிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ளது. கப்பல்கள் நெருங்கி நிற்பதற்கு ஏற்ற துறைமுகம் இதற்கு இல்லை.

1789 ஏப்ரல் 28 அன்று பவுண்டி என்னும் பிரித்தானியக் கப்பலில் பிளெட்சர் கிறிஸ்டியன் தலைமையில் கலகம் வெடித்தது. கலகக்காரர்களுள் ஒன்பது பேர், பொலினீசிய ஆண்கள் மற்றும் பெண்களுடன் 1790 சனவரியில் பிட்கேர்னில் குடியேறிக் கப்பலை எரித்துவிட்டனர். நிலத்திற்காகவும் பெண்களுக்காகவும் எழுந்த பகையில் பலர் கொல்லப்பட்டனர். 1800-ஆம் ஆண்டளவில் குடியேறிய ஆண்களுள் ஜான் ஆடம்ஸ் ஒருவரே எஞ்சினார். பெண்களும் குழந்தைகளுமே மக்கள்தொகையின் பெரும்பகுதியாக இருந்தனர்.

ஆடம்ஸ் கப்பலில் இருந்த விவிலியத்தையும் வழிபாட்டு நூலையும் கொண்டு குழந்தைகளை வளர்த்தார். அவர் சொல்லே தீவின் சட்டமாக இருந்தது. எழுதப்பட்ட அரசியலமைப்போ தேர்தலோ நீதிமன்றமோ இல்லை. 1808-இல் அமெரிக்கக் கப்பலான டோபாசு தற்செயலாக இங்கு வந்த பிறகே வெளி உலகம் இச்சமூகத்தைப் பற்றி அறிந்தது. 1823-இல் ஜான் பபெட், ஜான் எவன்ஸ் என்னும் இருவர் கப்பலிலிருந்து இறங்கித் தீவில் தங்கினர். பபெட் குழந்தைகளுக்குக் கல்வி கற்பிக்கும் பொறுப்பை ஏற்றார்.

தீவை அடைதல்

நாப்ஸ் பெரு நாட்டின் கல்லாவோ துறைமுகத்தில் நோவா பங்கர் என்னும் அமெரிக்கரைச் சந்தித்தார். பங்கரிடம் 18 டன் எடையுள்ள சிறிய பாய்மரப் படகு ஒன்று இருந்தது. இருவர் மட்டுமே அப்படகைச் செலுத்திக்கொண்டு 5,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலைக் கடந்து 1828 நவம்பரில் பிட்கேர்னை வந்தடைந்தனர். நோயுற்றிருந்த பங்கர் சிறிது காலத்தில் இறந்தார். படகு உடைக்கப்பட்டு அதன் மரங்கள் நாப்சின் வீட்டைக் கட்டப் பயன்பட்டன. இதனால் திரும்பிச் செல்லும் வழியும் அடைபட்டது.

1829 மார்ச் 5 அன்று ஜான் ஆடம்ஸ் காலமானார். அவருக்குப் பின் தலைமை ஏற்க எவரும் முறைப்படி நியமிக்கப்படவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நாப்ஸ், பிளெட்சர் கிறிஸ்டியனின் பேத்தியான சாரா கிறிஸ்டியனை மணந்தார். இத்திருமணத்தால் தீவின் முதன்மைக் குடும்பத்துடன் அவருக்கு உறவு ஏற்பட்டது.

நாப்ஸ் பபெட்டைவிடக் கூடுதலாகப் படித்தவர். அவர் தொடங்கிய பள்ளிக்குப் பெரும்பாலான குழந்தைகள் மாறினர். ஞாயிறு வழிபாட்டை நடத்தும் பொறுப்பும் அவரிடம் வந்தது. இதனால் இரு ஆசிரியர்களுக்கும் இடையில் மனக்கசப்பு உண்டாகி, தீவு மக்களும் இரு பிரிவாயினர். நூறு பேர்கூட இல்லாத சமூகத்தில் இத்தகைய பிளவு ஒவ்வொரு வீட்டையும் பாதித்தது.

தாகித்திக்கு இடம்பெயர்வு

தீவில் நன்னீரும் விளைநிலமும் போதாமல் போகும் என்ற அச்சத்தால், பிரித்தானிய அரசு 1831-இல் தீவு மக்கள் அனைவரையும் தாகித்திக்கு மாற்றியது. நாப்ஸ் குடும்பத்தினரும் உடன் சென்றனர். தனிமையில் வளர்ந்த இம்மக்களுக்கு அங்கிருந்த நோய்களைத் தாங்கும் ஆற்றல் இல்லை. சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கு நிலவிய வாழ்க்கை முறையும் அவர்களுக்கு ஒவ்வவில்லை. அதே ஆண்டு செப்டம்பருக்குள் எஞ்சியோர் பிட்கேர்னுக்குத் திரும்பினர். இந்த இழப்புக்குப் பின் தீவில் குடிப்பழக்கமும் பூசல்களும் பெருகின. கட்டுப்படுத்த அதிகாரம் பெற்றவர் எவரும் இல்லாத நிலை நீடித்தது.

யோசுவா ஹில்லின் ஆட்சி

இத்தகைய சூழலில் 1832 அக்டோபரில் யோசுவா ஹில் என்னும் முதியவர் தீவுக்கு வந்தார். தாம் பிரித்தானிய அரசால் அனுப்பப்பட்டவர் என்று அவர் கூறிக்கொண்டார். அதை நிறுவும் ஆவணம் எதுவும் அவரிடம் இல்லை. எனினும் அரசின் பெயரைக் கேட்ட மக்கள் அவரை நம்பினர்.

ஹில் தொடக்கத்தில் மதுவிலக்குச் சங்கம் ஒன்றை ஏற்படுத்திச் சாராயம் காய்ச்சுவதைத் தடுத்தார். இதனால் சிலருடைய நன்மதிப்பைப் பெற்றார். விரைவில் தம்மைத் தலைவராக அறிவித்துக்கொண்டு, தமக்கு இணங்கிய சிலரை அதிகாரிகளாக அமர்த்தினார். சிறை ஒன்றைக் கட்டுவித்தார். தம்மை எதிர்த்தவர்களுக்குக் கடும் தண்டனைகள் விதித்தார். பபெட்டுக்குக் கசையடி கொடுக்கப்பட்டது. நாப்சிடமிருந்து பள்ளிப் பொறுப்பும் வழிபாட்டுப் பொறுப்பும் பறிக்கப்பட்டன.

1834-இல் நாப்ஸ், பபெட், எவன்ஸ் ஆகிய மூவரும் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் ஏற்றித் தீவை விட்டு வெளியேற்றப்பட்டனர். மூவரும் தீவுப் பெண்களை மணந்து பிள்ளைகளைப் பெற்றவர்கள். நாப்ஸ் மங்கரேவா தீவுக்குச் சென்று அங்குப் போதகராகப் பணியாற்ற முயன்றார். அதே ஆண்டில் பிரெஞ்சுக் கத்தோலிக்க மறைப்பணியாளர்கள் மங்கரேவாவில் வந்திறங்கியதால் அவருடைய முயற்சி நிலைக்கவில்லை. பிட்கேர்ன் மக்களுள் பலர் வெளியேற்றப்பட்டோர் திரும்ப வேண்டும் என விரும்பினர். பின்னர் மூவரும் தீவுக்குத் திரும்பினர். ஆயினும் ஹில்லின் அதிகாரம் உடனே முடிவுக்கு வரவில்லை.

1837-இல் ஆக்டியோன் என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் தீவுக்கு வந்தது. பெட்போர்டு கோமகன் குடும்பத்துடன் தமக்கு நெருங்கிய தொடர்பு உண்டு என்று ஹில் சொல்லி வந்தார். அக்கப்பலின் தலைவரான எட்வர்ட் ரசல் பிரபு அதே கோமகனின் மகன். ஹில் கூறியது பொய் என்பது அங்கேயே வெளிப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் இமோஜீன் என்னும் மற்றொரு போர்க்கப்பல் ஹில்லைத் தீவிலிருந்து அகற்றியது. ஐந்து ஆண்டுகள் நீடித்த தனிமனித ஆட்சி இவ்வாறு முடிவடைந்தது.

1838-ஆம் ஆண்டு அரசியலமைப்பும் தேர்தலும்

1838 நவம்பர் இறுதியில் ஃபிளை என்னும் போர்க்கப்பலின் தலைவர் ரசல் எலியட் பிட்கேர்னுக்கு வந்தார். அப்போது தீவின் மக்கள்தொகை நூறு அளவில் இருந்தது. தீவுக்கு வரும் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் மாலுமிகளுள் சிலர், இம்மக்களுக்கு நாடோ கொடியோ சட்டமோ இல்லை என்று ஏளனம் செய்து அச்சுறுத்தி வந்தனர். தங்களுக்குப் பாதுகாப்பும் சட்டமும் வேண்டும் என்று தீவு மக்கள் எலியட்டிடம் முறையிட்டனர்.

எலியட் அவர்களுக்குப் பிரித்தானியக் கொடியை அளித்தார். தீவு மக்களைக் கலந்து, சுருக்கமான அரசியலமைப்பு ஒன்றையும் வகுத்தார். அதன் முதன்மையான கூறுகள் பின்வருமாறு:

- தீவின் நிருவாகம் நடுவர் (மாஜிஸ்திரேட்) ஒருவரிடம் இருக்கும். அவர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படுவார்.
- நடுவர் தீவிலேயே பிறந்தவராக இருத்தல் வேண்டும்.
- தீவில் பிறந்து 18 வயது நிறைந்த ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை உண்டு. வெளியில் பிறந்து ஐந்து ஆண்டுகள் தீவில் வாழ்ந்தவர்களும் வாக்களிக்கலாம்.
- நடுவருக்கு உதவியாக இருவர் கொண்ட அவை இருக்கும். ஒருவரை மக்கள் தேர்ந்தெடுப்பர். மற்றவரை நடுவர் நியமிப்பார்.
- மக்களுள் பெரும்பான்மையினரின் இசைவின்றி நடுவர் தாமாக எவ்வித அதிகாரத்தையும் மேற்கொள்ளக் கூடாது.
- நடுவர் தம் நடவடிக்கைகளைக் குறிப்பேட்டில் பதிவு செய்து, தீவுக்கு வரும் அரச கடற்படைக் கப்பல்களின் தலைவர்களிடம் காட்ட வேண்டும்.

இவ்விதிகளைப் படிக்கும்போது, ஹில்லின் ஆட்சியில் தீவு மக்கள் பட்ட துன்பமே இவற்றுக்குப் பின்னணியாக இருந்தது என்பது புலப்படும். அரசின் பெயரைச் சொல்லி வந்த ஓர் அயலார் ஐந்து ஆண்டுகள் தீவை ஆண்டார். எனவே அயலார் எவரும் நடுவராக முடியாதபடி சட்டம் அமைந்தது. ஒருவரே நெடுங்காலம் ஆள முடியாதபடி பதவிக்காலம் ஓராண்டாகக் குறைக்கப்பட்டது.

முதல் நடுவராகக் கலகக்காரர் மத்தேயு குவின்டாலின் வழிவந்த எட்வர்ட் குவின்டால் தேர்ந்தெடுக்கப்பட்டு உறுதிமொழி ஏற்றார். அதன் பின் ஆண்டின் முதல் நாளில் தேர்தல் நடைபெறுவது வழக்கமாயிற்று. குவின்டால், கிறிஸ்டியன், மக்காய், ஆடம்ஸ், யங் ஆகிய குடும்பங்களைச் சேர்ந்தோர் மாறிமாறி நடுவராயினர். ஆர்தர் குவின்டால் பலமுறை அப்பதவியை வகித்தார்.

பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியதற்கான காரணத்தை அரசியலமைப்பு விளக்கவில்லை. பிட்கேர்னில் நிலம் மகனுக்கும் மகளுக்கும் சமமாகச் சென்றது. குடியேற்றத்தின் தொடக்க ஆண்டுகளில் சமூகத்தைக் காத்தவர்களும் பெண்களே. எனவே ஊர்க்கூட்டத்தில் அவர்களுக்கு இடமளிப்பது தீவு மக்களுக்குப் புதுமையாகத் தோன்றியிருக்காது. நியூசிலாந்து நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது 1893-இல்தான். பிட்கேர்ன் பெண்கள் அதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே வாக்களித்தனர். எனினும் இச்சமத்துவம் வாக்குரிமையைத் தாண்டி விரியவில்லை. நடுவரின் அனுமதி இல்லாமல் பெண்கள் வெளிநாட்டுக் கப்பல்களில் ஏறக் கூடாது என்றும், நடுவர் உடன் செல்லாவிடில் நான்கு ஆண்களைத் துணைக்கு அனுப்ப வேண்டும் என்றும் தீவின் சட்டம் கூறியது. நாப்சின் காலத்தில் பெண் எவரும் நடுவராகவும் இல்லை.

நாப்சுக்கும் சட்டத்துக்கும் இருந்த தொடர்பு

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது நாப்ஸ் தீவுக்கு வந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐந்து ஆண்டு விதியின்படி அவருக்கு வாக்குரிமை உண்டு. நடுவராகும் உரிமை இல்லை. அவருடைய மனைவி சாரா தீவில் பிறந்த வாக்காளர். அவருடைய பிள்ளைகளும் தீவில் பிறந்தோர் ஆதலால் அவர்களுக்கு இத்தடை இல்லை.

அதே வேளையில் தீவின் சட்டத்தொகுப்பு நாப்சின் பெயரைக் குறிப்பிட்டே அவரைப் பள்ளியின் தலைவராக ஆக்கியது. ஆறு முதல் பதினாறு வயது வரையுள்ள குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவது பெற்றோரின் கட்டாயக் கடமை. ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் ஒரு சில்லிங் கட்டணம். குழந்தை பள்ளிக்கு வந்தாலும் வராவிட்டாலும் அதைச் செலுத்த வேண்டும். தீவில் பணப்புழக்கம் மிகக் குறைவு. ஆதலால் கிழங்கு, வாழைக்குலை ஆகியவற்றாலோ உடல் உழைப்பாலோ கட்டணத்தை ஈடுசெய்ய இசைவு அளிக்கப்பட்டது. ஒரு நாள் உழைப்பின் மதிப்பு இரண்டு சில்லிங் என வரையறுக்கப்பட்டது. ஆசிரியர் பள்ளிக்கு வராத நாட்களின் ஊதியம் அவருக்குப் பதிலாகக் கற்பித்தவருக்குச் சேரும்.

இவ்வாறு ஆட்சி அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்ட நடுவரிடமும், கல்வியும் சமயமும் நாப்சிடமும் இருந்தன. நடுவராக வந்தோருள் இளையவர்கள் அவரிடம் எழுத்துப் பயின்றவர்களாகவும் இருந்தனர். அவருடைய அறிவுரைக்கு மதிப்பு இருந்தது. ஆனால் முடிவு எடுக்கும் உரிமை ஊராரிடமே நின்றது.

ஆசிரியர், மருத்துவர், போதகர்

நாப்ஸ் முறையான மருத்துவக் கல்வி பெற்றவர் அல்லர். எனினும் தீவில் வேறு மருத்துவர் இல்லாததால் காயங்களுக்கும் காய்ச்சலுக்கும் அவரே மருத்துவம் பார்த்தார். கப்பல்கள் வந்து சென்ற பின் தீவில் சளிக்காய்ச்சல் பரவுவது வழக்கமாக இருந்தது. அக்காலங்களில் வீடுவீடாகச் சென்று மருந்து கொடுப்பதும் அவருடைய பணியாயிற்று.

பிட்கேர்ன் தீவுப் பதிவேடு எனப்படும் ஆண்டுக்குறிப்பைப் பராமரித்ததும் நாப்சின் முதன்மையான பணிகளுள் ஒன்றாகும். பபெட்டும் நாப்சும் எழுதிய இப்பதிவேட்டில் பிறப்பு, இறப்பு, திருமணம், கப்பல்களின் வருகை, நடுவர் தேர்தல் ஆகியவை இடம்பெற்றன. தீவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றை அறிய இது முதன்மை ஆதாரமாக விளங்குகிறது. தம்மால் போட்டியிட முடியாத தேர்தல்களின் முடிவுகள் நாப்ஸ் பராமரித்த பதிவேட்டின் வழியாகவே பின்வந்தோருக்குக் கிடைத்தன.

1845 ஏப்ரலில் வீசிய கடும் புயலில் தீவின் மண் சரிந்து, தென்னை மரங்களும் தோட்டங்களும் மீன்பிடி படகுகளும் அழிந்தன. இத்தகைய பேரிடர்களுக்குப் பின் உணவைப் பங்கிடுவதும் நிலத் தகராறுகளைத் தீர்ப்பதும் நடுவருக்கும் அவைக்கும் உரிய கடமைகளாக இருந்தன.

இங்கிலாந்துப் பயணம்

நாப்ஸ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஞானஸ்நானமும் திருமணமும் நடத்தி வந்தபோதிலும், குருப்பட்டம் பெற்றவர் அல்லர். இக்குறையை நீக்க 1852 ஆகத்தில் தீவுக்கு வந்த கடற்படைத் தளபதி ஃபேர்ஃபாக்ஸ் மோர்ஸ்பி உதவினார். தம் கப்பலின் குருவான ஹோல்மனைத் தீவில் விட்டு, நாப்சை இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார்.

நாப்ஸ் 1852 அக்டோபரில் திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்; நவம்பரில் இலண்டன் ஆயர் புளோம்ஃபீல்டு அவரைக் குருவாகத் திருநிலைப்படுத்தினார். நற்செய்தி பரப்பும் சங்கம் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு ஊதியம் வழங்க முன்வந்தது. விக்டோரியா அரசியையும் அவர் ஆஸ்போர்ன் மாளிகையில் சந்தித்தார். பிட்கேர்ன் மக்களுக்காக இங்கிலாந்தில் நிதி திரட்டப்பட்டது. 1853 மே மாதம் நாப்ஸ் தீவுக்குத் திரும்பினார்.

அவர் வெளியூரில் இருந்தபோது தீவில் பெருந்துயர் நிகழ்ந்தது. 1853-ஆம் ஆண்டின் நடுவராக இருந்த மத்தேயு மக்காய், தீவுக்கு வந்த விராகோ என்னும் போர்க்கப்பலுக்கு மரியாதை செலுத்தப் பவுண்டி கப்பலின் பழைய பீரங்கியை இயக்கியபோது அது வெடித்து உயிரிழந்தார். அவ்வாண்டு தீவில் வறட்சியும் உணவுப் பற்றாக்குறையும் நிலவின.

நோர்போக் தீவுக்குக் குடிபெயர்வு

1850-களில் மக்கள்தொகை இருநூறை நெருங்கியது. தீவின் நிலம் போதாது என்பது தெளிவாயிற்று. அப்போது ஆத்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நோர்போக் தீவில் இருந்த கைதிகள் முகாம் மூடப்பட்டு வந்தது. அத்தீவின் பரப்பளவு சுமார் 35 சதுர கிலோமீட்டர். கைதிகளைக் கொண்டு கட்டப்பட்ட கல் கட்டடங்களும் சாலைகளும் அங்கே இருந்தன. பிரித்தானிய அரசு அங்குக் குடியேறும் வாய்ப்பைப் பிட்கேர்ன் மக்களுக்கு அளித்தது. ஊர் கூடி இதனை ஆராய்ந்தது. பெரும்பான்மையினர் செல்ல இசைந்தனர். ஒரு பகுதியினர் எதிர்த்தனர். இறுதியில் ஊர் பிரியக் கூடாது என்பதற்காக அனைவருமே புறப்பட்டனர்.

1856 மே 3 அன்று மொரேஷயர் என்னும் கப்பலில் புறப்பட்டு, சுமார் 6,000 கிலோமீட்டர் பயணத்துக்குப் பின் சூன் 8 அன்று 194 பேர் நோர்போக் தீவில் இறங்கினர். பயணத்தின்போது ஒரு குழந்தையும் பிறந்தது. நாப்ஸ், பபெட், எவன்ஸ் ஆகிய மூவரும் தம் குடும்பங்களுடன் உடன் சென்றனர்.

நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் சர் வில்லியம் டெனிசன் நோர்போக்கின் ஆளுநராகவும் இருந்தார். இவர் பின்னர் 1861 முதல் 1866 வரை சென்னை மாகாண ஆளுநராகப் பணியாற்றியவர். 1857-இல் டெனிசன் நோர்போக்குக்கு வந்து 39 விதிகள் கொண்ட சட்டத்தொகுப்பை வெளியிட்டார். தலைமை நடுவரும் இரு உறுப்பினர்களும் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் முறை அதில் தொடர்ந்தது. பிட்கேர்னில் தோன்றிய தேர்தல் வழக்கம் இவ்வாறு புதிய தீவுக்கும் கொண்டுவரப்பட்டது.

ஆனால் நிலம் தொடர்பாகக் கருத்து வேறுபாடு எழுந்தது. முழுத் தீவும் தங்களுக்கே வழங்கப்பட்டது என்று மக்கள் நம்பியிருந்தனர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 50 ஏக்கர் என வரையறுத்து எஞ்சியது அரசுக்கு உரியது என்றார் டெனிசன். தேர்ந்தெடுக்கப்பட்ட அவைக்கு இதில் முடிவு எடுக்கும் அதிகாரம் இல்லை. 1866-இல் மெலனீசிய மறைப்பணிக்கு அத்தீவில் நிலம் விற்கப்பட்டது மக்களின் மனக்குறையை மேலும் வளர்த்தது.

பிட்கேர்னுக்குத் திரும்பியோர்

நோர்போக் வாழ்க்கை எல்லோருக்கும் பிடிக்கவில்லை. யங் குடும்பங்களைச் சேர்ந்த 16 பேர் 1858 இறுதியில் புறப்பட்டு 1859 தொடக்கத்தில் பிட்கேர்னை அடைந்தனர். 1864-இல் மேலும் சில குடும்பங்கள் திரும்பின. அங்கு நடுவர் தேர்தல் மீண்டும் நடைபெற்றது. இவ்வாறு ஒரே மரபிலிருந்து இரண்டு தீவுகளில் இரண்டு ஊராட்சிகள் உருவாயின. நாப்ஸ் பிட்கேர்னுக்குத் திரும்பவில்லை. பெரும்பான்மையினருடன் நோர்போக்கிலேயே தங்கினார்.

பிற்காலமும் மறைவும்

நோர்போக்கில் நாப்ஸ் தீவின் குருவாகப் பணியாற்றினார். கல்விப் பொறுப்பு 1859-இல் இங்கிலாந்திலிருந்து வந்த தாமஸ் ரோசிட்டர் என்னும் ஆசிரியருக்கு மாறியது. முப்பது ஆண்டுகளாக நாப்சின் கையில் இருந்த பள்ளி அவரை விட்டு நீங்கியது.

1864-இல் நாப்ஸ் பெரும் இழப்பைச் சந்தித்தார். ஆயர் ஜான் கோலரிட்ஜ் பாட்டிசனுடன் மெலனீசிய மறைப்பணிக்குச் சென்றிருந்த அவருடைய மகன் எட்வின், சாந்தா குரூசு தீவில் அம்பு தாக்கி, அதனால் உண்டான இசிவு நோயால் இறந்தார். உடன் சென்ற ஃபிஷர் யங் என்னும் நோர்போக் இளைஞரும் அவ்வாறே உயிரிழந்தார். ஆயர் பாட்டிசனும் 1871-இல் நுகாப்பு தீவில் கொல்லப்பட்டார்.

நாப்ஸ் 1884 நவம்பர் 5 அன்று நோர்போக் தீவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 85. பபெட்டும் எவன்சும் அவருக்குப் பின் 1891 வரை வாழ்ந்தனர்.

தேர்தல் முறையின் பிற்கால வரலாறு

நாப்ஸ் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளில் நோர்போக் மக்கள் தம் தலைமை நடுவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை இழந்தனர். 1896-இல் அப்பதவியை நியமிக்கும் அதிகாரத்தை நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் மேற்கொண்டார். பின்னர் 1979-இல் சட்டமன்றம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 2015-இல் ஆத்திரேலிய அரசு அதனைக் கலைத்தது. 2016-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வட்டார மன்றம் அதற்குப் பதிலாக அமைந்தது. 2021-இல் அம்மன்றத்தின் பொறுப்பும் நியமிக்கப்பட்ட நிருவாகியிடம் ஒப்படைக்கப்பட்டது.

பிட்கேர்னில் நடுவர் தேர்தல் சில மாற்றங்களுடன் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் நீடித்தது. 1893-இல் ஏழு உறுப்பினர் கொண்ட மன்ற முறை அறிமுகமாயிற்று. 1904-இல் மீண்டும் நடுவர் முறை வந்தது. 1999-இல் நடுவர் பதவிக்குப் பதிலாக மேயர் பதவி ஏற்படுத்தப்பட்டது. 2019-இல் நடைபெற்ற தேர்தலில் சார்லின் வாரன்-பியூ மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொதுத்தேர்தல் வழியாக மேயரான முதல் பெண் இவரே. பிட்கேர்ன் பெண்கள் வாக்குரிமை பெற்று அப்போது 181 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மதிப்பீடு

நாப்ஸ் பற்றிய கருத்துகள் அவருடைய காலத்திலேயே வேறுபட்டன. அவருடைய பிறப்பு பற்றிய கூற்றையும் கடற்போர் அனுபவங்களையும் ஐயுற்றோர் உண்டு. பபெட்டின் பள்ளியை அவர் கைப்பற்றினார் என்ற குறையும் கூறப்பட்டது. மறுபுறம், மோர்ஸ்பி போன்ற கடற்படை அதிகாரிகள் அவருடைய தொண்டைப் பாராட்டினர்.

ஹில்லும் நாப்சும் தீவுக்கு வெளியிலிருந்து வந்தவர்களே. மக்களின் இசைவைப் பெறாமல் ஆண்ட ஹில் ஐந்து ஆண்டுகளில் அகற்றப்பட்டார். நடுவர் பதவி சட்டத்தால் மறுக்கப்பட்ட நாப்ஸ், மக்கள் ஒப்படைத்த பணிகளை மட்டும் செய்து இறுதிவரை அவர்களுடன் வாழ்ந்தார். நாப்ஸ் என்னும் குடும்பப் பெயர் நோர்போக் தீவில் இன்றும் வழங்குகிறது. மொரேஷயர் கப்பல் வந்திறங்கிய சூன் 8 அத்தீவில் பவுண்டி நாள் என்ற பெயரில் ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது.